சாவி கேட்டு வந்த ஜெர்மானியர்

லண்டனில் செய்துவந்த தானிய வியாபாரம் நொடித்துப்போனது. இளம் மனைவியும் இறந்துபோனார். முப்பதை ஒட்டிய வயதில் தாமஸ் ரிக்மனுக்கு மிஞ்சியது கடனும் துக்கமும்தான். 1808இல் லிவர்பூலுக்குப் போய் ஒரு இன்ஷூரன்ஸ் தரகரிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். வேலை நேரத்தில் பேரேடு. வேலை முடிந்தால் என்ன செய்வது என்று தெரியாமல் நடக்க ஆரம்பித்தார். ஊரைத் தாண்டி, வயல்களைத் தாண்டி, கால் போன போக்கில் நடந்தார். வழியில் தட்டுப்பட்ட பழைய கிராமத்துச் சர்ச்சுகளுக்குள் நுழைந்தார். தூணைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், நோட்டில் வரைந்துகொண்டார். இதில் ஒரு வேடிக்கை. அவர் நுழைந்திருக்கவே கூடாத இடம் அது.

ரிக்மன் குவேக்கர் பிரிவைச் சேர்ந்தவர். கோபுரமும் பலிபீடமும் வேண்டாம் என்று ஒதுங்கி, வெறும் அறையில் மௌனமாக அமர்ந்து ஜெபிக்கிற கூட்டம் அது. கூம்புக் கோபுரம் வைத்த வீடு என்றுதான் சர்ச்சையே அவர்கள் இளக்காரமாகச் சொல்வார்கள். அப்படிப்பட்டவர் 1811இல் மட்டும் மூவாயிரம் தேவாலயங்களை ஆராய்ந்தார் என்று ஒரு கணக்கு உண்டு. கொஞ்சம் கூட்டிச் சொன்ன கணக்காகவும் இருக்கலாம். பாதி என்று வைத்துக்கொண்டாலும் மலைப்புதான். பக்திக்காக அல்லாமல் பார்ப்பதற்காகவே சர்ச்சுக்குப் போன அந்தக் குமாஸ்தாவின் கண்ணில், ஊர்ப் பாதிரியார்களுக்கே பிடிபடாத ஒன்று பட்டது.

அதுவரை பழைய தேவாலயம் என்றால் பழைய தேவாலயம், அவ்வளவுதான். எது எந்த நூற்றாண்டு என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். கணக்குப்பிள்ளையான ரிக்மன் ஜன்னல்களை வரிசைப்படுத்தினார். தடித்த தூணும் அரைவட்ட வளைவும் இருந்தால் நார்மன் காலம். ஒல்லியாய், ஈட்டி முனை போல் கூரிய ஜன்னல் என்றால் அதற்கு அடுத்தது. ஜன்னலின் மேற்பகுதியில் கல்லே கொடியாய் வளைந்து ஓடினால் அதற்கும் அடுத்தது. கல் சட்டங்கள் கம்பி அளி போல் நெட்டுக்குத்தாய் நின்றால் கடைசிக் காலம். நார்மன், எர்லி இங்கிலீஷ், டெக்கரேட்டட், பெர்பெண்டிகுலர் என்று அவர் 1817இல் அச்சேற்றிய நாலு பெயர்களை இன்றுவரை யாராலும் அசைக்க முடியவில்லை. இனி ஒரு ஜன்னலைப் பார்த்தே சர்ச்சின் வயதைச் சொல்லிவிடலாம். வித்தை கைக்கு வந்ததும் வினையும் கூடவே வந்தது.

1839இல் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் சிலர் ஒரு சங்கம் கூட்டினார்கள். பழைய தேவாலயங்களைப் போய்ப் பார்ப்பது, பார்த்ததைக் குறிப்பது, இதுதான் வேலை. கோடிட்ட இடங்களை நிரப்பும்படி அச்சடித்த படிவமே வைத்திருந்தார்கள். ஞானஸ்நானத் தொட்டி என்ன வடிவம், மணிக்கூண்டில் எத்தனை மணி, பெஞ்சுகள் எந்த மரம் என்று நிரப்பிக்கொண்டே போகலாம். சில ஆண்டுகளில் ஆயர்களே உறுப்பினர்களாகச் சேரும் அளவுக்குச் சங்கம் வளர்ந்தது. பிறகு, பார்த்தால் மட்டும் போதாது, சரியான காலத்துப் பாணிக்குத் திருத்தவும் வேண்டும் என்று கிளம்பிவிட்டார்கள். சுவரின் பழைய பூச்சைச் சுரண்டினார்கள், நூற்றாண்டு கண்ட பெஞ்சுகளைப் பிடுங்கி எறிந்தார்கள். நாடெங்கும் புதுப்பிப்பு என்ற பெயரில் நடந்த இந்த அழிவைப் பொறுக்காமல் 1877இல் வில்லியம் மோரிஸ் எதிர்ச் சங்கமே தொடங்க வேண்டியதாயிற்று. ஒரு கிராமத்தில் என்ன இருக்கிறது, எது அசல், எது ஒட்டுவேலை என்று சொல்ல ஒருவராவது வேண்டுமே? அந்த ஒருவர் இங்கிலாந்தில் இன்னும் பிறக்கவில்லை. பிறக்கப்போவதும் அங்கே இல்லை.

ஜெர்மனியில் அந்த வேலையை முடித்தே விட்டார்கள். இன்றைய எஸ்தோனியாவின் தலைநகரான தாலினில் பிறந்த கேயார்க் டெஹியோ, ஜெர்மன் தேசம் முழுவதன் கலைச் சின்னங்களையும் ஊர்வாரியாகத் தொகுத்து 1905 முதல் 1912 வரை ஐந்து தொகுதிகளாகக் கொண்டுவந்தார். கையில் எடுத்துப்போகிற அளவு. அலங்காரப் பேச்சு கிடையாது. ஊர், தேவாலயம், காலம், கவனிக்க வேண்டியது என்று நறுக்கென்று இருக்கும். கலை வரலாறு படிக்கிற ஜெர்மன் மாணவர்களுக்கு டெஹியோ இல்லாமல் ஊர் சுற்றவே தெரியாது. அந்த மாணவர்களில் ஒருவர் லைப்சிக் நகரத்துப் பையன்.

நிக்கோலஸ் பெவ்ஸ்னர் 1902இல் பிறந்தவர். அப்பா ரஷ்யாவிலிருந்து வந்த யூதர், விலங்கு ரோமத்தோல் வியாபாரி. மகன் பத்தொன்பது வயதில் லூத்தரன் கிறிஸ்தவரானார், இருபத்தொன்றில் லோலாவைக் கைப்பிடித்தார், இருபத்திரண்டில் முனைவர் பட்டம் வாங்கினார். எதிலும் தாமதம் அவருக்குப் பிடிக்காது. கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானபோது, யாரும் அதிகம் தொடாத ஆங்கிலக் கலையைப் பாடமாக எடுத்துக்கொண்டார். பாடம் நடத்த வேண்டுமானால் நேரில் பார்க்க வேண்டாமா? 1930இல் இங்கிலாந்துக்குப் போனார். இங்கிலாந்தின் டெஹியோ எங்கே என்று தேடினார். அப்படி ஒன்று இல்லவே இல்லை. ஆச்சரியப்பட்டுக்கொண்டே ஊர் திரும்பினார். திரும்பிய ஊர் நிலைக்கவில்லை.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூத ரத்தம் உள்ளவர்கள் அரசு வேலையில் இருக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. ஞானஸ்நானச் சான்றிதழ் செல்லுபடியாகவில்லை. நல்ல ஜெர்மானியன் என்று தன்னை நினைத்துக்கொண்டிருந்த பெவ்ஸ்னருக்கு ஒரே நாளில் வேலையும் இல்லை, தேசமும் இல்லை. மனைவி மக்களை விட்டுவிட்டு, வேலை தேடித் தனியாக இங்கிலாந்து வந்தார். பர்மிங்காமில் கிடைத்த வேலைக்கும் கலை வரலாற்றுக்கும் சம்பந்தமே இல்லை.

ஆலை ஆலையாகப் போய், பிரிட்டிஷ் கம்பளங்களும் விளக்குகளும் பானை சட்டிகளும் எவ்வளவு நன்றாக வடிவமைக்கப்படுகின்றன என்று விசாரித்து அறிக்கை எழுத வேண்டும். பெரும்பாலானவை நன்றாக இல்லை என்று தயங்காமல் எழுதினார். அது முடிந்ததும் ஒரு மேசை நாற்காலிக் கம்பெனிக்குச் சாமான் தேர்ந்தெடுத்துக் கொடுத்துப் பிழைத்தார். ஆனால் கிடைத்த நேரத்திலெல்லாம் கட்டடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதிப்பகங்களிடம், ஆங்கிலேய டெஹியோ ஒன்று போடலாமே என்று சொல்லிப் பார்த்தும் யாரும் காது கொடுக்கவில்லை. அதே சமயத்தில் வேறொருவர் வேறொரு வழியில் கிளம்பியிருந்தார்.

ஷெல் பெட்ரோல் கம்பெனிக்கு மக்கள் காரை எடுத்துக்கொண்டு நாட்டுப்புறம் போக வேண்டும். போனால்தானே பெட்ரோல் விற்கும்? கவிஞர் ஜான் பெட்ஜமன் அதற்கு வாய்த்தார். 1934இல் முதல் ஷெல் வழிகாட்டி வந்தது, கார்ன்வால் மாவட்டத்துக்கு. படங்களும் கிண்டலும் ஊர்ப் பாசமும் கலந்த, படிக்கச் சுவையான புத்தகம். கிராமத்துச் சர்ச்சின் ஈர வாசனையையும் எண்ணெய் விளக்கையும் பெட்ஜமனைப் போல் நேசித்தவர் கிடையாது. மெல்ல மெல்ல மற்ற மாவட்டங்களுக்கும் ஷெல் வழிகாட்டிகள் வந்தன. போர் வந்து எல்லாவற்றையும் நிறுத்தியது. பெவ்ஸ்னர் வீட்டுக் கதவைத் தட்டியது போலீஸ்.

1940இல் இங்கிலாந்தில் இருந்த ஜெர்மானியர் எல்லாரும் சந்தேகத்துக்குரியவர்கள். ஹிட்லர் துரத்தியவரா, ஹிட்லர் அனுப்பியவரா என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. லிவர்பூலுக்குப் பக்கத்தில் ஹைட்டன் முகாமில் சில மாதங்கள் அடைத்து வைத்தார்கள். நண்பர்கள் பேசி வெளியே கொண்டுவந்ததும் கிடைத்த வேலை, குண்டு விழுந்த தெருக்களில் இடிபாடு அள்ளுவது. ஐரோப்பியக் கட்டடக்கலையைக் கரைத்துக் குடித்தவர் லண்டன் வீதிகளில் மண்வெட்டியோடு செங்கல் வாரிக்கொண்டிருந்தார். அவருடைய வாழ்க்கையைத் திருப்பிப் போட்டதும் ஒரு குண்டுதான்.

1935இல் மலிவு விலைப் புத்தகங்களோடு பெங்குவினைத் தொடங்கிய ஆலன் லேன், கிங் பெங்குவின் என்ற படப் புத்தக வரிசையும் நடத்திவந்தார். அதன் ஆசிரியர் எலிசபெத் சீனியர் 1941 விமானத் தாக்குதலில் கொல்லப்பட்டார். அந்த இடத்துக்கு பெவ்ஸ்னர் வந்தார். பெங்குவினுக்காக ஐரோப்பியக் கட்டடக்கலையின் வரலாறு ஒன்றையும் எழுதினார், அது சக்கைப்போடு போட்டது. பர்க்பெக் கல்லூரியில் மாலை வகுப்பும் கிடைத்தது. காலூன்றிவிட்டார் என்று நினைக்கும்போது லைப்சிக் செய்தி வந்து சேர்ந்தது. ஊரை விட்டு வர மறுத்துவிட்ட அவருடைய தாய், நாடு கடத்தலுக்குத் தப்ப 1942இல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டிருந்தார். திரும்பிப் போக இனி ஓர் இடம் இல்லை.

1945இல் லேனின் வீட்டுத் தோட்டத்தில் ஒரு பேச்சு. அடுத்து என்ன செய்ய ஆசை என்று லேன் கேட்டார். பெவ்ஸ்னர் தயாராக இருந்தார், பதினைந்து வருடமாகத் தயார்! ஒன்றல்ல, இரண்டு யோசனை வைத்தார். உலகக் கலை வரலாறு பல தொகுதிகளில். அப்புறம் இங்கிலாந்தின் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு புத்தகம், ஊர் ஊராக, கட்டடம் கட்டடமாக. இரண்டில் ஒன்றாவது தேறாதா என்ற நப்பாசை. லேன் இரண்டுக்கும் சரி என்றுவிட்டார். வரம் கேட்டவர் திகைத்துப்போனார். இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்தில் மட்டுமே இடைக்காலத்துத் தேவாலயங்கள் 600க்கு மேல் உண்டு. நார்ஃபோக் போல எத்தனை மாவட்டங்கள்?

ஆயத்த வேலைக்கு அவரைப் போலவே ஜெர்மனியிலிருந்து அடைக்கலம் வந்த பெண்கள் இருவர் அமர்த்தப்பட்டார்கள். நூலகத்தில் உட்கார்ந்து, பழைய பத்திரிகைகளிலும் மாவட்ட வரலாறுகளிலும் ஒரு கிராமத்தைப் பற்றி என்னவெல்லாம் அச்சாகியிருக்கிறதோ அத்தனையையும் ஊருக்கொரு தாளாகக் குறித்துக் கொடுத்தார்கள். ஆங்கிலக் கிராமங்களை அதுவரை பார்த்திராத கைகள் அந்தக் கிராமங்களைத் தாள் தாளாக அடுக்கின. ஆனால் தாளில் உள்ளதை நேரில் போய்ச் சரிபார்த்தால்தானே ஆகும்? பெட்ரோல் ரேஷன் காலம். வண்டி கிடையாது. இருந்தாலும் பெவ்ஸ்னருக்கு ஓட்ட வராது.

பெங்குவின் ஒரு வண்டி கொடுத்தது. 1933ஆம் வருடத்து வுல்ஸ்லி ஹார்னெட், அப்போதே கிழடு. பெட்ரோல் கூப்பனுக்கும் பெங்குவின் ஏற்பாடு செய்தது. ஓட்டுநர், பின்னால் இங்கிலாந்து வந்து சேர்ந்த மனைவி லோலா. கல்லூரி விடுமுறை விட்டதும் இருவரும் கிளம்பிவிடுவார்கள். ஆண்டுக்கு இரண்டு மாவட்டம், ஈஸ்டருக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று. லோலா வரைபடம் பார்த்து ஓட்ட, பக்கத்தில் பெவ்ஸ்னர் அடுத்த ஊரின் தாளைப் படித்துக்கொண்டே வருவார். வண்டி நிற்கும். இறங்கி விறுவிறுவென்று சர்ச்சை ஒரு சுற்று. உள்ளே போய் ஜன்னல், வளைவு, தொட்டி, கல்லறைச் சிலை. மாலை வரை இதுதான். விடுதிக்குப் போனதும் ஓய்வெடுப்பார் என்று நினைத்தால் அதுவும் இல்லை.

பகலில் பார்த்ததைப் பகல் நினைவு மங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்பது அவருடைய சட்டம். மலிவு விடுதியின் மங்கிய விளக்கில் நள்ளிரவு வரை எழுதுவார். மறுநாள் காலை அடுத்த ஊர். உணவுக்கும் ரேஷன், சுடுதண்ணீருக்கும் பஞ்சம். பல சர்ச்சுகள் பூட்டிக் கிடக்கும். நம்மூரில் பூட்டிய கோயிலுக்குக் குருக்கள் வீட்டைத் தேடிப் போவதைப் போல, சாவிக்குப் பாதிரியார் வீட்டைத் தேடிப் போக வேண்டும். போர் முடிந்து இரண்டு வருடம்கூட ஆகாத நிலையில், கனத்த ஜெர்மன் உச்சரிப்போடு வாசலில் நின்று, உங்கள் சர்ச்சை ஆராய வேண்டும் என்று ஒருவர் கேட்டால் எப்படி இருக்கும்? மாளிகை வாசல்களில் நாயும் காவலாளும் விரட்டியதும் உண்டு. அதையெல்லாம் கடந்து நான்கு ஆண்டுகள் ஓடின. கடைசியில் 1951இல் மூன்று சிறிய தொகுதிகள் கடைக்கு வந்தன.

கார்ன்வால், நாட்டிங்காம்ஷயர், மிடில்செக்ஸ். வரிசைக்குப் பெயர் ‘பில்டிங்ஸ் ஆஃப் இங்கிலாண்ட்’. இன்று ஆங்கிலக் கிராமத்துச் சர்ச் பார்க்கக் கிளம்புகிறவர்களின் காரில், வரைபடத்துக்கும் ஃபிளாஸ்க்குக்கும் பக்கத்தில் காது மடங்கிக் கிடக்கிறதே ஒரு புத்தகம், வெறுமனே ‘பெவ்ஸ்னர்’ என்று ஆசிரியர் பெயராலேயே அழைக்கப்படுகிறதே, அது இப்படித்தான் பிறந்தது. அகர வரிசையில் ஊர்கள். ஊருக்குள் முதலில் சர்ச், அப்புறம்தான் மாளிகையும் பாலமும் மற்றதும். புனிதரின் பெயர், கல்லின் வகை, கோபுரம், ஜன்னல். ரிக்மன் வைத்த நாலு பெயர்களும் ‘பெர்ப்’, ‘டெக்’ என்று சுருங்கிப் பக்கத்துக்குப் பக்கம் வரும். நடுவில் திடீரென்று ஒரு கல்லறைச் சிலையைப் பற்றி ஒரே ஒரு பெயரடை, அதில் புகழ்ச்சியோ குத்தலோ இருக்கும். அந்த ஒற்றைச் சொல்லுக்காகவே படிக்கிறவர்கள் உண்டு, எனக்கும் அதுதான் பிடிக்கும். பெட்ஜமனுக்கு மட்டும் பிடிக்கவில்லை.

அவர் தொடங்கிய அதே கார்ன்வாலில் இந்த மனிதரும் தொடங்கியிருக்கிறாரே! ஹெர் புரொஃபசர் டாக்டர் என்று கேலி செய்தார் பெட்ஜமன். சர்ச் என்றால் தேதிகளும் அளவுகளும்தானா, அதன் மணமும் மௌனமும் எங்கே என்பது அவருடைய கேள்வி. நியாயமான கேள்விதான். அவர் தொகுத்து 1958இல் வந்த ஆங்கிலப் பங்குத் தேவாலயங்களின் கையேட்டைப் படித்தால் அந்த மணம் வரும். ஆனால் ஏதோ ஒரு குக்கிராமத்தில், மழையில் நனைந்தபடி, இந்த வளைவு எந்தக் காலத்தது என்று தெரிய வேண்டுமானால் பெவ்ஸ்னரைத்தான் புரட்ட வேண்டும். எதிரி கவிஞர் அல்ல. கணக்குப் புத்தகம்.

தொகுதிகள் ஓடவில்லை. ஒவ்வொன்றிலும் பெங்குவினுக்கு நஷ்டம். 1950களின் நடுவில் பத்துப் பன்னிரண்டு தொகுதிகளோடு இழுத்து மூடிவிடும் நிலை வந்தது. அப்போது கை கொடுத்தது லெவர்ஹியூம் அறக்கட்டளை. சன்லைட், லைஃப்பாய் சோப்பு விற்றுப் பணம் குவித்த வில்லியம் லெவர் விட்டுச்சென்ற சொத்து அது. பிறகு கின்னஸ் பீர் கம்பெனியும் உதவியது. சோப்பும் பீரும் சேர்ந்து ஆங்கிலத் தேவாலயங்களின் பதிவேட்டைக் காப்பாற்றின என்றால் ரிக்மனின் குவேக்கர்கள் சிரித்திருக்கவே மாட்டார்கள். பணச் சிக்கல் தீர்ந்தது. அடுத்து வந்த அடிக்குப் பணம் மருந்தாகவில்லை.

1963இல் லோலா இறந்துபோனார். பதினாறு ஆண்டுகளாக வண்டி ஓட்டியவர். பெவ்ஸ்னர் நின்றுவிடுவார் என்றே எல்லாரும் நினைத்தார்கள். நிற்கவில்லை, மாணவர்களும் உதவியாளர்களும் மாறி மாறி ஓட்டினார்கள். கென்டை ஜான் நியூமனும் கிளாஸ்டர்ஷயரை டேவிட் வெரியும் ஆளுக்கு இரண்டு தொகுதியாக எழுதித் தந்தார்கள். மற்றவர்கள் அவரோடு சேர்ந்து எழுதினார்கள். அறுபதைத் தாண்டிய வயதில், வெயிலில் ஊர் ஊராய் அலைந்தும் நகைச்சுவை வற்றவில்லை. 1968இல் வந்த பெட்ஃபோர்ட்ஷயர் தொகுதியைக் குச்சி ஐஸைக் கண்டுபிடித்தவருக்குக் காணிக்கையாக்கினார். மறுவருடம் சர் பட்டம் வந்தது, முகாமில் அடைத்த அதே அரசிடமிருந்து. ஆனால் வரைபடத்தில் இன்னும் சில மாவட்டங்கள் வெள்ளையாகவே இருந்தன.

1974இல் ஸ்டாஃபர்ட்ஷயர் வந்தது. கடைசித் தொகுதி. ஆக 46 தொகுதிகள். 32 அவர் தனியாக எழுதியவை, 10 மற்றவர்களோடு சேர்ந்து, மீதி நான்கு மற்றவர்கள் எழுதியவை. 1983இல் அவர் காலமானார். வில்ட்ஷயரில் அவர்கள் விடுமுறைக்குப் போகிற குடிலுக்குப் பக்கத்து ஊரான கிளிஃப் பிப்பார்டின் சர்ச் வளாகத்தில், லோலாவுக்குப் பக்கத்திலேயே அடக்கம். கதை இத்துடன் முடிந்தது என்றால் அது அவருக்கே பிடித்திருக்காது.

ஏனென்றால் ஒவ்வொரு தொகுதியின் முன்னுரையிலும், தவறு கண்டால் எழுதுங்கள் என்று வாசகரைக் கேட்டிருந்தார். எழுதினார்கள். பாதிரியார்கள், பள்ளி ஆசிரியர்கள், ஓய்வு பெற்ற ராணுவத்தார், ஊர் வரலாற்றுக் கிறுக்கர்கள் எல்லாரும் எழுதினார்கள். எங்கள் ஊர்த் தொட்டியை விட்டுவிட்டீர்கள், அந்த ஜன்னல் விக்டோரியா காலத்து ஒட்டு, சிலையில் இருப்பவர் மகன் அல்ல தகப்பன் என்று. ஒரு நாளில் பல ஊர் பார்த்தால் தவறு வராமல் இருக்குமா? முதல் பதிப்பு வெறும் வெள்ளோட்டம் என்றே அவரும் நினைத்தார். கடைசித் தொகுதி வெளிவருமுன்பே பழைய தொகுதிகளைத் திருத்தும் வேலை தொடங்கிவிட்டது. பெங்குவினிடமிருந்து 2002இல் வரிசை யேல் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் கைக்குப் போனது. திருத்திய தொகுதிகள் இரண்டு மூன்று மடங்கு பருத்தன, சட்டைப்பைக்கு அடங்காத செங்கல் கனம். பெரும்பாலும் ஒற்றை ஆள் 23 ஆண்டுகளில் எழுதி வெளியிட்டதைத் திருத்தி முடிக்க ஒரு படைக்கு அரை நூற்றாண்டு பிடித்தது. 2024இல் திருத்தமும் நிறைவடைந்தது. அதிலும் கடைசியாக வந்தது ஸ்டாஃபர்ட்ஷயர்தான்.